தட் வரும் ஆங்கிலக் கேள்விகள்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

“ஐ திங்க் தட் ஹி லெஃப்ட்” என்று சொல்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. அதையே கேள்வியாக்கும்போதுதான் தடுமாற்றம். கேள்விச் சொல் எங்கே நிற்கும், டூ அல்லது டிட் எங்கே வரும், தட் இருக்கட்டுமா போகட்டுமா என்று மூன்று முடிவுகளை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று பிசகினாலும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி திகைக்கிறார், அல்லது நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறோம். உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது. மற்றதில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு பெயர்களை வைத்துக்கொள்வோம். நினைக்கிறேன், சொன்னார், தெரியும் போன்ற வினை இருக்கும் பகுதி வெளிவாக்கியம். என்ன நினைக்கிறேன், என்ன சொன்னார் என்பதைத் தாங்கும் பகுதி உள்வாக்கியம். தமிழில் இரண்டையும் “என்று” ஒட்டுகிறது. பேச்சில் அது வெறும் “-ன்னு”. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சில சமயம் தட் செய்கிறது, சில சமயம் வெதர் அல்லது இஃப் செய்கிறது, பல சமயம் எதுவுமே செய்வதில்லை.

அறிகுறி 1: “டூ யூ திங்க் ஹூ டுக் தி கீ?” என்று கேட்டால் எதிராளி விழிக்கிறார்

இலக்கணப் புத்தகம் படித்தவர்களும் விழும் பள்ளம் இது. “சாவியை யார் எடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?” என்பதில் “யார்” உள்வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே இடத்தில் ஹூவை வைத்தால் ஆங்கில வாக்கியம் உடைந்துவிடுகிறது. சரியான வடிவம்:

ஹூ டூ யூ திங்க் டுக் தி கீ?

ஆனால் “சாவியை யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?” என்பதற்கு ஹூ முன்னால் போகக் கூடாது:

டூ யூ நோ ஹூ டுக் தி கீ?

எது முன்னால் போகும், எது உள்ளேயே நிற்கும் என்று வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். தமிழ் வாக்கியத்தின் கடைசி வினையைப் பாருங்கள். அதில் “-ஆ” ஒட்டியிருக்கிறதா?

“-ஆ” இருந்தால் (தெரியுமா, சொன்னாரா, ஞாபகம் இருக்கா) கேட்பது ஆம்-இல்லை கேள்வி. வாக்கியம் டூ, டிட், குட் போன்ற துணைவினையில் தொடங்கும். ஹூ, வாட், வேர் உள்ளேயே நிற்கும்.

“-ஆ” இல்லாவிட்டால் (நினைக்கிறீங்க, சொன்னார், எதிர்பார்க்கிறீங்க) கேட்பவருக்கு வேண்டியது அந்த “யார்”, “எங்கே” என்பதற்கான விடை. கேள்விச் சொல் வாக்கியத்தின் தலைக்குப் போகும்.

ஒரே வினை இரண்டு பக்கமும் போவதைப் பார்த்தால் சோதனையின் பலம் புரியும்:

யார் வந்தாங்கன்னு அவர் சொன்னாரா? → டிட் ஹி சே ஹூ கேம்?
யார் வந்தாங்கன்னு அவர் சொன்னார்? → ஹூ டிட் ஹி சே கேம்?

முதலாவதற்கு “ஆமாம், சொன்னார்” என்பதே பதிலாகலாம். இரண்டாவதற்கு ஒரு பெயர் வந்தாக வேண்டும். இரண்டாவதில் சே, கேம் என்று இரண்டு வினைகள் முட்டிக்கொண்டு நிற்பது முதலில் காதுக்கு உறுத்தும். அதுதான் சரியான வடிவம். நடுவில் எதையும் செருக வேண்டாம்.

“யார் எடுத்தாங்கன்னு நினைக்கிறீங்களா?” என்று தமிழிலும் யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் “டூ யூ திங்க்” என்பதற்கு அடுத்து ஹூ, வாட், வேர் வரவே வராது. “அவர் வந்திருப்பார்னு நினைக்கிறீங்களா?” என்பதில் கேள்விச் சொல்லே இல்லை. அங்கே “டூ யூ திங்க் தட் ஹி ஹேஸ் கம்?” என்று நேராகக் கேட்கலாம்.

சோதனைக்கு ஒரு திருத்தம் உண்டு. வெளிவாக்கியத்துக்குச் சொந்தமாக ஒரு கேள்விச் சொல் இருந்தால் அதுவே தலைக்குப் போகும், உள்ளே இருப்பது அசையாது. “யார் வந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பதில் கடைசியில் “-ஆ” இல்லை. ஆனாலும் “எப்படி” வெளியே நிற்பதால் “ஹவ் டூ யூ நோ ஹூ கேம்?” என்றுதான் வரும்.

அறிகுறி 2: கேள்விச் சொல் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனாலும் வாக்கியம் நொண்டுகிறது

தவறு: வேர் டூ யூ திங்க் இஸ் ஹி?
சரி: வேர் டூ யூ திங்க் ஹி இஸ்?

தவறு: வாட் டூ யூ திங்க் டஸ் ஷி வான்ட்?
சரி: வாட் டூ யூ திங்க் ஷி வான்ட்ஸ்?

ஒரு கேள்விக்கு ஒரு புரட்டல்தான். எழுவாயும் துணைவினையும் இடம் மாறுவது வெளிவாக்கியத்தில் நடந்து முடிந்துவிட்டது. அங்கே இருக்கும் “டூ யூ” அதன் அடையாளம். உள்வாக்கியம் சாதாரணச் செய்தி வாக்கியம் போலவே இருக்க வேண்டும்: ஹி இஸ், ஷி வான்ட்ஸ், தே வென்ட்.

சோதிக்கும் முறை: “டூ யூ திங்க்” அல்லது “டிட் ஹி சே” என்ற துண்டை விரலால் மறையுங்கள். மிச்சத்தில் உள்ளே டூ, டஸ், டிட் எதுவும் தென்படக் கூடாது. இஸ், வில், ஹேஸ் போன்றவை எழுவாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். “டூ யூ நோ வேர் இஸ் தி ஸ்டேஷன்?” என்று கேட்பவருக்கும் இதே மருந்துதான்: “வேர் தி ஸ்டேஷன் இஸ்”.

இங்கே குழப்பும் ஒரு வாக்கியம் உண்டு: “வாட் டூ யூ திங்க் இஸ் ராங்?” இதில் திங்குக்கு அடுத்தே இஸ் வருகிறதே, புரட்டலா என்று தோன்றும். இல்லை. கோளாறு என்னவோ, அதுதான் உள்வாக்கியத்தின் எழுவாய். வாட் முன்னால் போய்விட்டதால் அந்த இடம் காலி; அந்தக் காலி இடத்தைத் தாண்டி இஸ் தன் இடத்திலேயே நிற்கிறது. இந்தக் காலி இடம்தான் அடுத்த அறிகுறியின் வேர்.

அறிகுறி 3: “ஹூ டூ யூ திங்க் தட் கால்டு?” என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது

எழுதியவருக்கு நியாயமாகவே கோபம் வரும். “ஐ திங்க் தட் ரவி கால்டு” சரி. “ஹூ டூ யூ திங்க் தட் ஷி கால்டு?” என்பதும் சரி. இது மட்டும் ஏன் தவறு?

காலி இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. பழுதுபார்க்கும் முறை இது. முதலில் கேள்வியைச் செய்தியாக மாற்றி, கேள்விச் சொல்லின் இடத்தில் ஒரு பெயரை வையுங்கள்.

ஷி திங்க்ஸ் தட் ரவி கால்டு. (பெயர் தட்டை ஒட்டி, எழுவாயாக நிற்கிறது.)
ஷி திங்க்ஸ் தட் யூ கால்டு ரவி. (பெயர் வினைக்குப் பின்னால், செயப்படுபொருளாக நிற்கிறது.)

முதல் வாக்கியத்தில் ரவியைப் பிடுங்கி ஹூவாக்கி முன்னால் கொண்டுபோனால், தட்டுக்கும் வினைக்கும் நடுவில் ஓட்டை விழுகிறது. தட்டை ஒட்டி அப்படி ஓட்டை விழுவதை ஆங்கிலம் பொறுப்பதில்லை. தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்: “ஹூ டஸ் ஷி திங்க் கால்டு?” இரண்டாவதில் தட்டுக்கு அடுத்து யூ இருக்கிறது, ஓட்டை தள்ளி விழுகிறது. அதனால் தட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி: “ஹூ டஸ் ஷி திங்க் தட் யூ கால்டு?”, “ஹூ டஸ் ஷி திங்க் யூ கால்டு?”

அவசரத்தில் இவ்வளவு யோசிக்க முடியாது. கண்ணால் பார்த்தே முடிவு செய்ய: கேள்விச் சொல்லில் தொடங்கும் வாக்கியத்தில் தட்டுக்கு முந்தைய சொல் திங்க், சே, பிலீவ் போன்ற வினையா? அடுத்த சொல்லும் வினையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தட்டை எடுங்கள்.

முந்தைய சொல்லையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டுக்கு முன்னால் பெயர்ச்சொல் இருந்தால் அது வேறு தட். ஒரு பெயரை விவரிக்க வந்தது. “டூ யூ நோ எனிபடி தட் கேன் ஹெல்ப்?”, “விச் இஸ் தி பஸ் தட் கோஸ் தேர்?” போன்றவற்றில் தட்டை எடுத்தால்தான் தவறு. “ஹூ வாஸ் இட் தட் கால்டு?” என்பதிலும் தட் இருந்தாக வேண்டும்.

மூன்றாவதாக இன்னொரு தட்டும் உண்டு, “அது” என்ற பொருளில். முன்னும் பின்னும் வினை இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது. “வை டூ யூ திங்க் தட் இஸ் ரைட்?” என்பதில் இருப்பது அதுதான், அது சரியென்று ஏன் நினைக்கிறீர்கள் என்று கேள்வி. இதை உச்சரிப்பில் பிரிக்கலாம். “அது” என்ற தட் முழு உயிரொலியோடு, அழுத்தமாக வரும். வாக்கியத்தை ஒட்டும் தட் விழுங்கப்பட்டு, வாய் பாதி மூடிய நிலையில், அரை ஒலியாகக் கடந்துவிடும். எல்லாத் தட்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்வது தமிழர் பேச்சில் அடிக்கடி கேட்கும் பழக்கம். இலக்கணம் சரியாக இருந்தும் கேட்பவர் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தட்டை ஒட்டி ஓட்டை விழக் கூடாது என்ற இந்தத் தடையை 1968-இல் மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் தன் ஆய்வேட்டில் கவனித்து எழுதினார். 1977-இல் நோம் சோம்ஸ்கியும் ஹோவர்ட் லாஸ்னிக்கும் இதைத் தனி விதியாகவே வகுத்தார்கள். ஏன் இப்படி என்பதில் மொழியியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்பானியம், இத்தாலியம் போன்ற மொழிகளில் இந்தத் தடை கிடையாது. அவற்றில் “என்று” போன்ற சொல்லை வைத்துக்கொண்டே கேட்கலாம். ஆகவே தர்க்கத்தால் இதை வருவிக்கப் பார்ப்பது வீண்வேலை. ஆங்கிலத்தின் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விதி இறுகிய இரும்பும் அல்ல. தட்டுக்கும் வினைக்கும் நடுவில் நீளமான காலக் குறிப்போ சூழல் குறிப்போ வந்தால் பலருக்கு உறுத்தல் குறைந்துவிடுகிறது: “ஹூ டிட் ஷி சே தட் ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ் வுட் கம் பேக்?” இதை ஜோன் ப்ரெஸ்னன் 1977-லேயே சுட்டிக்காட்டினார், 1993-இல் பீட்டர் குலிக்கவர் விரிவாக எடுத்துப் பேசினார். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் வெறும் தட்டையே ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. எனவே ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அப்படிச் சொல்லக் கேட்டால் வியக்க வேண்டாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் அதைப் பின்பற்றாதீர்கள்.

எங்கள் பரிந்துரை இன்னும் சுருக்கமானது. திங்க், சே, பிலீவ், ஹோப், எக்ஸ்பெக்ட், சப்போஸ் இவை வரும் கேள்வி ஹூ, வாட், விச் போன்ற சொல்லில் தொடங்கினால், ஓட்டை எங்கே இருந்தாலும் தட்டை எடுத்துவிடுங்கள். ஓட்டை தட்டை ஒட்டி வந்தால் எடுப்பது கட்டாயம். மற்ற இடங்களில் எடுப்பதால் கெடுவது ஒன்றும் இல்லை. பேச்சில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அறிகுறி 4: ஹூமா, ஹூவா என்று கை தயங்குகிறது

“ஹூம் டூ யூ திங்க் வில் வின்?” என்பது அதிகப்படியான கவனத்தால் வரும் தவறு. திங்குக்குப் பக்கத்தில் நிற்பதால் அது செயப்படுபொருள் என்ற மயக்கம். தமிழில் “யாரை” என்று வருகிறதா பாருங்கள். “யார் ஜெயிப்பாங்கன்னு” என்றால் ஹூ மட்டுமே. “யாரைப் பார்த்தார்னு சொன்னார்” என்றால் எழுத்தில் ஹூம் வரலாம், பேச்சில் ஹூ போதும்.

அறிகுறி 5: தட்டும் வெதரும், தட்டும் வேரும் அடுத்தடுத்து வந்து உட்காருகின்றன

தவறு: ஹி ஆஸ்க்டு தட் வேர் ஐ வாஸ் கோயிங்.
தவறு: டூ யூ நோ தட் வெதர் ஹி கேம்?

“எங்கே போறேன்னு கேட்டார்” என்பதில் “-ன்னு” இருக்கிறது. அதைத் தட்டாக மாற்றிவிடுகிறோம். உள்வாக்கியத்தில் ஏற்கெனவே வேர், ஹூ, வெதர், இஃப் என்று ஒன்று இருந்தால் அதுவே ஒட்டும் வேலையையும் பார்த்துக்கொள்ளும். தட்டுக்கு அங்கே இடமில்லை.

சரி: ஹி ஆஸ்க்டு வேர் ஐ வாஸ் கோயிங்.
சரி: டூ யூ நோ வெதர் ஹி கேம்?

ஆஸ்க்குக்குப் பின் தட் வரும் ஒரே சூழல், சம்பிரதாயமாக ஒன்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்வது: “ஷி ஆஸ்க்டு தட் தி டோர் பி குளோஸ்டு.” அங்கே அவர் கேள்வி கேட்கவில்லை, கோரிக்கை வைக்கிறார், வினையும் பி என்ற வேர்வடிவில் நிற்கிறது.

இதே இடத்தில் இன்னொரு கோளாறு மறைந்திருக்கும். அதில் வாக்கியம் சரியாகத் தெரியும், பொருள் மட்டும் மாறிவிடும்:

டூ யூ நோ தட் ஹி கேம்? (அவர் வந்தது உங்களுக்குத் தெரியுமா?)
டூ யூ நோ இஃப் ஹி கேம்? (அவர் வந்தாரான்னு தெரியுமா?)

முதலாவதில் அவர் வந்தது கேள்வி கேட்பவருக்கு உறுதி. இரண்டாவதில் அதுவே கேள்வி. உள்வினையில் “-ஆ” இருந்தால் (வந்தாரான்னு) இஃப் அல்லது வெதர், இல்லாவிட்டால் தட். புதுச் செய்தி ஒன்றைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் “டூ யூ நோ தட்” என்பதைவிட “டிட் யூ நோ தட்” என்று தொடங்குவதே வழக்கம். முந்தையது பாடம் எடுப்பது போலவோ, சோதித்துப் பார்ப்பது போலவோ ஒலிக்க வாய்ப்பு உண்டு.

டவுட் வினையிலும் தட்டா, வெதரா என்ற தயக்கம் வரும். “டூ யூ டவுட் தட் ஹி இஸ் ஆனஸ்ட்?” என்று கேட்கும்போது தட் போட்டாலே போதும்.

அறிகுறி 6: தட் உள்வாக்கியமே எழுவாயாகி, கேள்வி தொடங்கவே மறுக்கிறது

“அவர் போயிட்டாருங்கிறது உண்மையா?” என்பதை அப்படியே வரிசை மாற்றினால் “இஸ் தட் ஹி லெஃப்ட் ட்ரூ?” என்று ஒரு பிண்டம் வருகிறது. செய்தி வாக்கியமாக “தட் ஹி லெஃப்ட் இஸ் ட்ரூ” என்பது விறைப்பாக இருந்தாலும் இலக்கணத்துக்கு உட்பட்டது. கேள்வியில் துணைவினைக்குப் பின்னால் ஒரு முழு வாக்கியத்தை எழுவாயாகச் செருக ஆங்கிலம் விடாது.

சரிசெய்ய, எழுவாய் இடத்தில் இட் ஒன்றை வைத்து, தட் பகுதி முழுவதையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இஸ் இட் ட்ரூ தட் ஹி லெஃப்ட்?
டஸ் இட் பாதர் யூ தட் ஹி இஸ் லேட்?
டஸ் இட் மேட்டர் தட் வி ஹேவ் நோ டிக்கெட்ஸ்?
ஹவ் இஸ் இட் தட் நோபடி நோட்டிஸ்டு?

தட் பகுதிக்கு அழுத்தம் கொடுத்து முன்னால்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தலையாகக் கொடுங்கள்: “டஸ் தி ஃபேக்ட் தட் ஹி லைடு பாதர் யூ?” இப்போது எழுவாய் ஃபேக்ட் என்ற பெயர், ஆங்கிலத்துக்குச் சம்மதம். எழுத்தில் பரவாயில்லை, பேச்சில் கனமாக இருக்கும்.

“ஹவ் கம்” என்று தொடங்கும் கேள்வியில் மட்டும் புரட்டலே இல்லை. “ஹவ் கம் யூ ஆர் லேட்?” என்பதே சரி; “ஹவ் கம் ஆர் யூ லேட்?” தவறு. நண்பர்களிடம் பேசும் நடை அது, விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

அறிகுறி 7: இலக்கணம் சரி, பதில்தான் தவறாக வருகிறது

“வென் டிட் ஹி சே தட் ஹி லெஃப்ட்?” என்று கேட்கிறீர்கள். “நேற்று சாயங்காலம்” என்று பதில் வருகிறது. அவர் போனது நேற்றா, சொன்னது நேற்றா? வென், வேர், ஹவ், வை இந்த நான்கும் வெளிவினையோடும் ஒட்டலாம், உள்வினையோடும் ஒட்டலாம். தமிழில் “எப்போ” என்பதை நகர்த்தியே இதைப் பிரித்துவிடுகிறோம்: “அவர் போயிட்டதா எப்போ சொன்னார்?” ஒன்று, “எப்போ போனதா சொன்னார்?” இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வென் ஒரே இடத்தில், தலையில்தான் நிற்கும். நகர்த்திப் பிரிக்க வழியில்லை, வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்.

போன நேரம் வேண்டுமானால்: “வாட் டைம் டிட் ஹி லீவ், டிட் ஹி சே?” அல்லது “அக்கார்டிங் டு ஹிம், வென் டிட் ஹி லீவ்?”
சொன்ன நேரம் வேண்டுமானால்: “வென் டிட் ஹி டெல் யூ அபவுட் ஹிஸ் லீவிங்?”

வை இன்னும் வில்லங்கமானது. “வை டூ யூ திங்க் ஹி லெஃப்ட்?” என்றால் பெரும்பாலும் அவர் போன காரணத்தைப் பற்றிய உங்கள் ஊகத்தைக் கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். “அவர் போயிட்டார்னு நீங்க எதை வச்சுச் சொல்றீங்க?” என்று கேட்க வேண்டுமானால் இதைப் பயன்படுத்துங்கள்: “வாட் மேக்ஸ் யூ திங்க் தட் ஹி லெஃப்ட்?” இதில் மயக்கமே இல்லை. குரல் கடுத்தால் சவால் போல ஒலிக்கும், கொஞ்சம் மென்மையாகச் சொல்லுங்கள்.

“ஹவ் டூ யூ நோ தட் ஹி லெஃப்ட்?” என்பதில் இந்த இரட்டைப் பொருள் எழுவதில்லை. எப்படித் தெரியும் என்ற ஒரே பொருள்தான். நோ, ரிக்ரெட், ரியலைஸ் போன்ற வினைகள் உள்வாக்கியத்தை நடந்து முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்பவை. அவற்றுக்குள்ளிருந்து ஹவ், வை வெளியே வராது. காரில் போனாரா ரயிலில் போனாரா என்று கேட்க நினைத்து இந்த வாக்கியத்தைச் சொன்னால் அந்தப் பதில் கிடைக்காது, “டூ யூ நோ ஹவ் ஹி லெஃப்ட்?” என்றே கேட்க வேண்டும்.

அறிகுறி 8: எப்படி மாற்றினாலும் வாக்கியம் சரியாக வரவில்லை

சில கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் நேர்வழியே கிடையாது. “எதைத் திருடினார்ங்கிற வதந்தியைக் கேட்டீங்க?” என்பது தமிழில் கொஞ்சம் சுற்றினாலும் ஓடிவிடும். “வாட் டிட் யூ ஹியர் தி ரூமர் தட் ஹி ஸ்டோல்?” என்பது ஓடாது, தட்டை எடுத்தாலும் ஓடாது. காரணம் நடுவில் நிற்கும் ரூமர் என்ற பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லைத் தலையாகக் கொண்ட உள்வாக்கியத்திலிருந்து கேள்விச் சொல்லை வெளியே இழுக்க முடியாது. மொழியியலாளர் ஜான் ராஸ் 1967-இல் தன் ஆய்வேட்டில் விவரித்த இத்தகைய இடங்களை மொழியியலில் தீவுகள் என்கிறார்கள்.

ஆகவே கேள்வியில் தி ரூமர் தட், தி கிளெய்ம் தட், தி ஐடியா தட், தி ஃபேக்ட் தட் என்று எதையாவது கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர்ச்சொல்லை வினையாக்கினாலே பெரும்பாலும் போதும்:

தவறு: வாட் டஸ் ஹி மேக் தி கிளெய்ம் தட் ஹி ஃபவுண்ட்?
சரி: வாட் டஸ் ஹி கிளெய்ம் ஹி ஃபவுண்ட்?

வினையாக்க முடியாவிட்டால் இரண்டாக உடையுங்கள்: “யூ ஹெர்டு எ ரூமர் தட் ஹி ஸ்டோல் சம்திங். வாட் வாஸ் இட்?” ஒரே வாக்கியத்தில் கேட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்று ஒரு நினைப்பு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை.

விஸ்பர், மட்டர், ஷவுட் போன்று சொன்ன விதத்தைக் குறிக்கும் வினைகளும் கேள்விச் சொல்லை எளிதில் வெளியே விடுவதில்லை. “வாட் டிட் ஷி விஸ்பர் தட் ஹி ஸ்டோல்?” பலருக்கு உறுத்தும். சேயைப் போட்டுக் கேளுங்கள். கிசுகிசுத்தார் என்பது முக்கியமானால் தனியாகச் சொல்லுங்கள்.

அறிகுறி 9: தட்டே வரக் கூடாத வினையில் தட் வந்துவிடுகிறது

“நான் வரணும்னு நினைக்கிறீங்களா?” என்பதன் “-ன்னு” காரணமாக “டூ யூ வான்ட் தட் ஐ கம்?” என்று வரும். வான்ட் தட்டை ஏற்காது: “டூ யூ வான்ட் மீ டு கம்?”

சஜெஸ்ட் இதற்கு நேர்மாறு. “வாட் டூ யூ சஜெஸ்ட் மீ டு டூ?” தவறு, “வாட் டூ யூ சஜெஸ்ட் ஐ டூ?” சரி. அவரைப் பற்றிக் கேட்டால் அமெரிக்க வழக்கில் “வாட் டூ யூ சஜெஸ்ட் ஹி டூ?”, டஸ் அல்ல. பிரிட்டிஷ் வழக்கில் “ஹி ஷுட் டூ” என்பது அதிகம் கேட்கும்.

டெல்லுக்கு ஆள் வேண்டும், சேக்கு வேண்டாம். “டிட் ஹி டெல் தட் ஹி வுட் கம்?” என்பதில் யாரிடம் என்பது விடுபட்டிருக்கிறது. “டிட் ஹி டெல் யூ” என்று ஆளைச் சேருங்கள், அல்லது “டிட் ஹி சே” என்று வினையை மாற்றுங்கள்.

அறிகுறி 10: எதிர்மறை சேர்ந்ததும் தொனி மாறிவிடுகிறது

“டூ யூ திங்க் ஹி வோன்ட் கம்?” என்றால் வராமல் போய்விடுவாரோ என்ற கவலை. “டோன்ட் யூ திங்க் ஹி வில் கம்?” என்றால் வருவார் என்று கேட்பவர் ஏற்கெனவே நம்புகிறார், ஆமாம் போட ஆள் தேடுகிறார். அபிப்பிராயம் கேட்க வந்த இடத்தில் இரண்டாவதைப் பயன்படுத்தினால் அழுத்தம் கொடுப்பதாகப் படும்.

வாக்கியக் கடைசியில் ஒட்டும் வால் கேள்வியிலும் வெளிவாக்கியம் யாருடையது என்று பார்க்க வேண்டும். “ஐ திங்க்” என்று தொடங்கினால் வால் உள்வாக்கியத்தைப் பின்பற்றும்: “ஐ திங்க் ஹி இஸ் ரைட், இஸன்ட் ஹி?” எதிராளி சொன்னதைப் பற்றிக் கேட்டால் வெளிவாக்கியத்தைப் பின்பற்றும்: “யூ செட் ஹி வாஸ் கமிங், டிடன்ட் யூ?” எல்லாவற்றுக்கும் “இஸன்ட் இட்” போடுவது தமிழ் “இல்லையா”வின் நிழல்.

அறிகுறி 11: “அப்படியா நினைக்கிறீங்க?” என்று கேட்க வந்து “டூ யூ திங்க் தட்?” என்று முடிகிறது

இங்கே தட் பகுதி முழுவதற்கும் பதிலாக நிற்பது சோ: “டூ யூ திங்க் சோ?” ஹோப், சப்போஸ், எக்ஸ்பெக்ட் இவற்றுக்கும் அதேதான். நோவுக்கு மட்டும் சோ வராது, “டிட் யூ நோ தட்?” அல்லது வெறுமனே “டிட் யூ நோ?”

அறிகுறி 12: மூன்று அடுக்கு வந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது

“சாவியை யார் எடுத்தாங்கன்னு நீங்க நினைச்சதா அவங்க சொன்னாங்க?” பார்க்கப் பயமாக இருந்தாலும் மேலே சொன்னவற்றையே வரிசையாகச் செய்தால் கட்டிவிடலாம். கடைசி வினை “சொன்னாங்க”, “-ஆ” இல்லை. ஆகவே ஹூ தலைக்குப் போகிறது. புரட்டல் ஒன்றுதான், அது ஆக வெளியே இருக்கும் வாக்கியத்தில்: டிட் ஷி சே. நடு அடுக்கு செய்தி வரிசையில்: யூ தாட். கடைசி அடுக்கின் எழுவாய் காலி, அதனால் அங்கே தட் கூடாது: ஹேட் டேக்கன் தி கீ.

ஹூ டிட் ஷி சே யூ தாட் ஹேட் டேக்கன் தி கீ?

சேக்கும் யூவுக்கும் நடுவில் தட் வைக்க விரும்பினால் வைக்கலாம். அடுத்து எழுவாய் இருக்கிறது, தடை இல்லை. தாட்டுக்கும் ஹேடுக்கும் நடுவில் கூடாது. நான்காவது அடுக்கு சேரும் நிலை வந்தால் ஆங்கிலேயரும் திணறுவார்கள். அறிகுறி 8-இல் செய்தது போல இரண்டாக உடைத்துக் கேட்பதே வழி.